மெழுகுக்கு முன்னால் மெழுகுதல்

கடந்த மூன்று மாதமாக நாங்கள் நாலு பேரும் ஒரு படமும் கீறவில்லை. பலகை மட்டும்தான் செய்துகொண்டிருந்தோம். நுகேகொடையில் ஒரு வாடகை வீட்டின் பின்விறாந்தை, ஒரு மின்னடுப்பு, இரண்டு பழைய சட்டி, நிறைய சாண்ட் பேப்பர். கலைப்பீடத்துப் பிள்ளைகள் என்றால் கவிதை, சினிமா என்று நினைக்கிற சிநேகிதர்கள் வந்து பார்த்துவிட்டு, "என்ன, தச்சுவேலையோ பழகுறியள்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் இருக்கு. கொஞ்சம் நீளம், அதனால்தான் எழுதுகிறோம்.

நாங்கள் பழகுவது என்காஸ்டிக். தேன்மெழுகை உருக்கி, கொஞ்சம் பிசினும் நிறப்பொடியும் கலந்து, சூடு ஆறமுதல் பூசுகிற ஓவிய முறை. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்கு 'உள்ளே சுடுதல்' என்று அர்த்தம். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் சூடு காட்டி, மேல் பூச்சைக் கீழ்ப் பூச்சோடு உருகி ஒட்ட வைக்க வேணும். எகிப்தின் பாயும் பகுதியில் கிடைத்த முகப்படங்கள்தான் இதற்குப் பேர்போன உதாரணம். கி.பி. 1ஆம் நூற்றாண்டு முதல் 3ஆம் நூற்றாண்டு வரை, இறந்தவரின் முகத்தை மெல்லிய பலகையில் தீட்டி மம்மியின் முகம் இருக்கிற இடத்தில் வைத்துச் சுற்றினார்கள். அதற்குப் பிறகு சீனாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீன் மடத்தில் 6ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்து ஒன்று இருக்கு. அண்மைக்காலத்தில் ஜாஸ்பர் ஜோன்ஸ் 1954–55 இல் செய்த அமெரிக்கக் கொடி இருக்கு. மூன்றும் மெழுகு. இணையத்தில் படம் பார்த்தே மயங்கினோம். மெழுகுக்குள் வெளிச்சம் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வருவதால், நிறம் தோலைப் போல உயிரோடு இருக்கிற மாதிரித் தெரியும்.

ஆனா பார்க்கப் பார்க்க எங்களுக்கு விளங்கினது வேறு விஷயம். மெழுகு வளையாது. ஆறி இறுகின மெழுகு, அடியில் இருக்கிறது அசைஞ்சா வெடிக்கும். கன்வஸ் துணியை இழுத்துக் கட்டி அதில் மெழுகு பூசினா, ஒரு விரல் தட்டினாலே கீறல் விழலாம். அதனால்தான் பாயும் ஓவியர்கள் பெரும்பாலும் மரப்பலகையைப் பிடித்தார்கள். கனபேர் எகிப்தில் வளராத லிண்டன் மரத்தை வெளியிலிருந்து எடுத்துப் பாவித்திருக்கிறார்கள். பக்கத்தில் கிடைக்கிற மரத்தை விட்டுக் கடல் தாண்டி மரம் எடுத்தவர்கள் அடிப்பலகையை எவ்வளவு பெரிதாக மதித்திருக்க வேணும் என்று யோசியுங்கள். ஜோன்ஸின் கொடிகூடத் துணியில்தான் இருக்கு, ஆனா அந்தத் துணி ஒட்டுப்பலகையில் ஏற்றப்பட்டிருக்கு.

பலகை கிடைத்தாப் போதாது. பலகைக்கும் மெழுகுக்கும் நடுவில் ஒரு தளம் வேணும். அந்தத் தளம் இரண்டு வேலை செய்ய வேணும்: அசையாமல் நிற்க வேணும், அதேநேரம் குடிக்க வேணும். உருகின மெழுகு நுண்ணிய துளைகளுக்குள் இறங்கி, அங்கேயே ஆறி, வேர் பிடிச்ச மாதிரி இறுகும். துளை இல்லாத மினுக்கமான தளத்தில் மெழுகு மேலே உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். ஒரு நாள் தோல் உரிந்த மாதிரிக் கழன்று வரும்.

இதைப் புத்தகத்தில் வாசித்ததோடு நம்பாமல், 6 அங்குலச் சதுரமாக நாலு ஒட்டுப்பலகைத் துண்டு வெட்டுவித்தோம். ஒன்றை வெறும் பலகையாக, தேய்த்து மட்டும் வைத்தோம். இரண்டாவதில் கடையில் பேணியில் வரும் அக்ரிலிக் ஜெசோ. மூன்றாவதில் வச்சிரமும் சோக்குத்தூளும். நாலாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம். எல்லாத்திலும் ஒரே மெழுகு, ஒரே நீலம், ஒரே சூடு. ஒரு கிழமை கழித்துக் கத்தி நுனியால் கட்டம் கட்டமாகக் கீறி நகத்தால் நெம்பிப் பார்த்தோம். அக்ரிலிக் பலகையில் நீலம் சில்லுச் சில்லாகக் கிளம்பியது. அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக். அது துளையை மூடிவிடும். வெறும் பலகையில் மெழுகு நல்லாப் பிடித்திருந்தது, ஆனா மரத்தின் பழுப்பு நிறம் மெழுகுக்கூடாகத் தெரிந்து நீலம் சேற்று நிறமாகிவிட்டது. வச்சிரப் பலகையில் கத்தி போன கோட்டைத் தவிர ஒன்றும் அசையவில்லை. அடியிலிருந்து வெள்ளை வெளிச்சம் வந்தது.

வச்சிரம் என்றால் மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பழைய தச்சுப் பசை. ஃபெவிகோல் மாதிரி வெள்ளைப் பசைகள் வருமுதல் எங்கட ஊர் ஓடாவிமாருக்கு இதுதான் கைவசம். ஐரோப்பாவில் முயல்தோல் பசை என்று விற்பதும் அதே குடும்பம்தான். 1 பங்கு வச்சிரத்துக்கு 10 பங்கு தண்ணி விட்டு இரவு முழுக்க ஊற வைக்க வேணும். காலையில் தண்ணிச்சட்டிக்குள் வைத்து மெதுவாகச் சூடாக்க வேணும். கொதிக்க விட்டா பசையின் பலம் போய்விடும். முதலில் அந்தப் பசைத்தண்ணியை மட்டும் பலகையில் ஒரு கை. அது காய்ந்த பிறகு, மிச்சப் பசைக்குள் சோக்குத்தூளைச் சல்லடையால் தூவ வேணும். தூள் தானாக அமிழ்ந்து, மேலே சின்னத் தீவுகள் மாதிரித் தலைகாட்டினா அளவு சரி. அடித்துக் கலக்கக் கூடாது. காற்றுக்குமிழி புகுந்தா பிறகு பலகை முழுக்க ஊசித்துளை. மெல்லிசாக 6 முதல் 8 பூச்சு, ஒன்று நெடுக்கு, அடுத்தது குறுக்கு. காய்ந்த பிறகு முகமூடி போட்டுக்கொண்டு தேய்க்க வேணும். கடைசியில் ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினா தளம் தயார். முத்து மாதிரி உருண்டு நின்றா பசை கூடிவிட்டது. விரலில் மாவு மாதிரி ஒட்டினா பசை குறைவு.

ஒன்று சொல்ல வேணும். இந்தக் குறிப்புகள் எல்லாம் குளிர் நாட்டில் எழுதப்பட்டவை. பசை ஆறினா ஜெலி மாதிரி உறையும் என்று எழுதியிருக்கும். கொழும்பு வெக்கையில் உறையாது, குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துத்தான் பதம் பார்க்க வேணும். இரண்டு நாள் வெளியில் வைத்தா வீடே நாறும். வீட்டுக்கார அன்ரி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து கேட்டதற்கு நாங்கள் சொன்ன பதிலை இங்கே எழுத ஏலாது.

2022 ஐ நாங்கள் எல்லாரும் மறக்க மாட்டோம். 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360 ஐத் தொட்ட வருஷம். இறக்குமதி ஓவியப் பொருட்களின் விலை அதோடு எங்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது, பிறகு இறங்கி வரவேயில்லை. அமெரிக்காவில் என்காஸ்டிக்போர்ட் என்று தளம் பூசின பலகையையே விற்கிறார்கள். வாங்கி, மெழுகு பூச வேண்டியதுதான். எங்களுக்கு அந்த வழி அடைபட்டதால்தான் கேள்வி வந்தது: இது இல்லாத காலத்தில் இங்கே இருந்தவர்கள் எதைப் பூசினார்கள்?

நாலாவது பலகை அங்கேதான் வந்தது. எங்களில் ஒருத்தியின் வீடு சுத்த சைவம். மாட்டுத்தோல் பசை காய்ச்சின சட்டியை வீட்டுக்குக் கொண்டுபோக ஏலாது. அதற்கு மாற்றுத் தேடினபோது தஞ்சாவூர் ஓவியம் கிடைத்தது. தங்கத்தாளும் கண்ணாடிக்கல்லும் பதித்த கிருஷ்ணரைத்தான் எல்லாருக்கும் தெரியும். அதன் பழைய பெயர் 'பலகைப் படம்' என்பது கனபேருக்குத் தெரியாது. பேரிலேயே பலகைதான் முன்னுக்கு நிற்கிறது. முற்காலத்தில் பலாப்பலகை, இப்போது பெரும்பாலும் ஒட்டுப்பலகை. அதில் துணியை ஒட்டி, சோக்குத்தூளைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்துப் பல கை பூசி, வழுவழுப்பாகத் தேய்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் கோடே விழும். மராட்டியர் காலத்துத் தஞ்சாவூரில் செழித்த இந்தத் தளமும், ஐரோப்பியப் பலகை ஓவியத்தின் தளமும் எலும்புக்கூட்டில் ஒன்றுதான்: கடினமான பலகை, அதன் அசைவைத் தாங்க ஒரு துணி, குடிக்கிற வெள்ளைத் தூள், அதைப் பிடித்து வைக்க ஒரு பசை. பசையின் இடத்தில் அங்கே தோல், இங்கே புளியங்கொட்டை.

புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, இரவு ஊறவைத்து, அரைத்து, காய்ச்சினோம். பழைய வேட்டித்துண்டு ஒன்றை ஒட்டி, மேலே 7 பூச்சு. மெழுகு பிடித்தது. வச்சிரப் பலகையைவிடக் கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சொரசொரப்பு, ஆனா நகத்துக்கு அசையவில்லை. மழைக் கிழமையில் மெழுகு பூசாமல் வைத்திருந்த இன்னொரு புளியங்கொட்டைப் பலகையில் பூஞ்சணம் பிடித்தது. பழைய ஆட்கள் மாவுப் பசைகளில் மயில்துத்தம் கொஞ்சம் சேர்ப்பதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. அது நஞ்சு, சமையல் சட்டிப்பக்கம் கொண்டுபோகக் கூடாது. கொழும்பு ஈரத்தில் பலகையின் பின்பக்கத்தையும் ஓரங்களையும் மெழுகால் அடைத்துவிடுவதுதான் எங்களுக்குச் சரிவந்தது. ஒரு பக்கம் மட்டும் அடைத்தா மறுபக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும்.

பிசினுக்கும் தூரம் போகத் தேவைப்படவில்லை. மெழுகை இறுக்கமாக்க என்காஸ்டிக்காரர் சேர்ப்பது டமார் என்ற மரப்பிசின். 8 பங்கு மெழுகுக்கு 1 பங்கு என்பது பழக்கமான அளவு. எங்கட நாட்டில் மட்டும் வளர்கிற ஹல் மரத்தின் பிசினும் டமார் மரங்களின் குடும்பம்தான். சிங்களத்தில் ஹல் தும்மல. தமிழில் குங்கிலியம் என்ற பேரில் இந்தக் குடும்பத்துப் பிசின்களை வாங்கலாம். வெள்ளவத்தையில் நாட்டுமருந்துக் கடையில் கேட்டோம், கிடைத்தது. குங்கிலியக் கலய நாயனார் மனைவி கொடுத்த தாலிக்கு நெல் வாங்காமல் குங்கிலியம் வாங்கினவர். எங்களுக்குப் பஸ் காசோடு முடிந்தது. ஆனா குங்கிலியம் என்று விற்பதெல்லாம் ஒரே மரத்துப் பிசின் இல்லை, தூசியும் மரப்பட்டையும் கலந்திருக்கும். பொடித்து, மெழுகோடு மெல்ல உருக்கி, துணியால் வடித்து, சின்னத் துண்டில் சோதித்துவிட்டுத்தான் பாவிக்க வேணும். தேன்மெழுகு 62 பாகைக்கு மேல் உருகும். புகை வந்தா சூடு கூடிவிட்டது, அந்தப் புகை நெஞ்சுக்குக் கூடாது. தண்ணிச்சட்டிக்குள் பேணியை வைத்து உருக்கினா 100 பாகையைத் தாண்டாது. யன்னல்கள் திறந்திருக்க வேணும். நெருப்புச் சுவாலை பக்கத்தில் வேண்டாம்.

இலங்கையில் மெழுகோவியம் என்று யாரிடமாவது சொன்னா உடனே "பத்திக்கோ?" என்பார்கள். பக்கத்து வீடுதான், ஆனா குணம் வேறு. எனா டி சில்வாவின் பத்திக் துணிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே மெழுகு நிறம் ஏறாமல் காவல் நின்றுவிட்டுக் கடைசியில் வெந்நீரில் போய்விடும். அதில் வெடிப்பு விழுந்தா அழகு. வெடிப்புக்காகவே பரபின் மெழுகைக் கூடச் சேர்ப்பார்கள். என்காஸ்டிக்கில் மெழுகு போகாது, நிற்கும், வெடிப்பு விழுந்தா படம் போச்சு. இதனால்தான் கொட்டாஞ்சேனைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிற வெள்ளை மெழுகுதிரியை உருக்கிப் பாவிக்க ஏலாது. அது பெரும்பாலும் பரபின்.

என்காஸ்டிக்குக்கு உண்மையான உறவு மாத்தளைப் பக்கம் ஹப்புவிதவில் இருக்கு. அரக்கில் நிறம் குழைத்து, தணலில் இளக்கி, நூலாக இழுத்து, சூடான மரத்தில் ஒட்டிப் பெருவிரல் நகத்தால் அறுத்துக் கோலம் போடுகிற வேலை. நகத்தால் செய்வதால் சிங்களத்தில் அதற்கு 'நியபொத்து' வேலை என்று பேர். சூடும் நிறமும் மரமும் சேர்கிற அதே கணக்கு. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற நூலில் இந்த அரக்கு வேலையையும் கைவினைக்காரரின் மற்றப் பொருட்கள், முறைகளையும் ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். பொருளை யார் எப்படித் தயாரிக்கிறார்கள் என்பதும் கலை வரலாறுதான் என்பதற்கு அந்தப் புத்தகம் எங்களுக்குச் சாட்சி.

இதையெல்லாம் தேடித் திரிந்த நேரத்தில்தான் எங்களுக்கு ஒரு சொல் இடறியது. மெழுகு. தமிழில் அது தேன்கூட்டிலிருந்து வருகிற பொருளின் பேர். அதே மெழுகு ஒரு வினைச்சொல்லும். தரையை மெழுகு, முற்றத்தை மெழுகு, அடுப்படியை மெழுகு. மேலே ஒன்று வரமுதல் கீழே தளம் தயார் செய்கிற வேலை. கோலம் விழமுதல், பந்தி வைக்கமுதல், பொங்கல் பானை ஏறமுதல் சாணியும் மண்ணும் கரைத்து மெழுக வேணும். நாங்கள் மூன்று மாதம் பழகின வேலைக்கு வேற்றுமொழியில் ஜெசோ, கிரவுண்ட் என்று பேர் தேடிக்கொண்டிருந்தோம். எங்கட வாயிலேயே வினைச்சொல் கிடந்தது.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா கிளிநொச்சியில் இருக்கிறா. 2009 க்குப் பிறகு திரும்பிப் போய், வீட்டுத்திட்டத்தில் சீமெந்துத் தரை வரமுன்னம் தற்காலிகக் கொட்டிலில் இரண்டு வருஷம் மண் தரையில் இருந்தவ. தரை மெழுகுகிறது எப்படி என்று தொலைபேசியில் கேட்டோம். "அதில என்ன பிள்ளை கிடக்கு" என்று தொடங்கினவ முக்கால் மணித்தியாலம் கதைத்தா. புற்றுமண் எதற்கு நல்லம், குளத்துக்களி எதற்கு நல்லம். தண்ணி கூடினா வெடிக்கும், குறைஞ்சா இழுபடாது. முதல் பூச்சு காயமுதல் இரண்டாவது போட்டா இரண்டும் சேர்ந்து கழரும். கையை ஒரே பக்கமாக ஓட்டாமல் பிறை பிறையாக ஓட்ட வேணும். பசை கூடினா வழுக்கும், குறைஞ்சா மாவாகும் என்று நாங்கள் கொப்பியில் எழுதி வைத்திருந்ததையே அவ வேறு சொல்லில் சொன்னா. கடைசியில் கேட்டா: "இதைப் போய் ரெக்கோட் பண்ணுறியளோ? உதெல்லாம் ஒரு படிப்போ?"

எங்களுக்கு அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. 1400 ஐ ஒட்டி இத்தாலியில் சென்னினோ சென்னினி எழுதின ஓவியக் கைநூலில், பசை காய்ச்சவும் பலகையில் ஜெசோ பூசவும் நிறம் அரைக்கவும் ஒரு பயிலுனர் ஆறு வருஷம் பழக வேணும் என்று இருக்கு. அது இன்றைக்கும் அச்சில் இருக்கிற பாடநூல். அம்மம்மாவுக்குத் தெரிந்தது பாடமாகக் கணக்கில் வராது, ஏனென்றால் அதைச் செய்தது பெண்கள், செய்தது தரையில், காசு வராத வேலை. பெரிய வீட்டு முற்றங்களை மெழுகினது அந்த வீட்டுக்காரரும் இல்லை. குடிமை செய்ய வைக்கப்பட்டவர்களின் கைதான் அங்கே மெழுகியது, அந்தக் கைக்கு அந்த வீட்டுக்குள் போக அனுமதி இருக்கவில்லை. கோலத்தைக் கலை என்று ஒப்புக்கொள்கிறவர்கள்கூட, கோலத்துக்குக் கீழே இருக்கிறதை வேலை என்று மட்டும்தான் சொல்கிறார்கள்.

இவ்வளவுக்கும் அந்த வேலை எங்கட இலக்கியத்தில் இல்லாமல் இல்லை. புறநானூற்றின் 249ஆம் பாட்டில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, அவனுக்குச் சோறு படைக்கச் சுளகு அளவான சின்ன இடத்தைத் துப்புரவாக்கி மெழுகுகிறாள். சாணியைக் கரைக்கிற தண்ணி அவள் கண்ணீர்தான். கவிஞர் பாவித்த வினைச்சொல்லும் மெழுகுதல்தான். வகுப்பில் இதைத் தாபதநிலை என்று துறைபிரித்துப் படித்தோம். இப்போது வாசித்தா எங்களுக்கு முதலில் தெரிவது அந்தச் சுளகு அளவு. இழந்ததை வைக்க ஒரு இடம் வேணும், அந்த இடத்தைத் தயார் செய்ய ஒரு கை வேணும். பாயும் பலகைகளும் ஏறக்குறைய அந்த அளவுதான், ஒரு முகம் வைக்க ஒரு சின்ன இடம். எங்கட ஊர்களில் இதற்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

தளம் என்று தமிழில் சொல்லும்போது நிலம் என்பதும் கூடவே கேட்கிறது. வாடகை அறையில் இருந்துகொண்டு, ஊரில் இருக்கிற காணியைப் பற்றி வீட்டார் தொலைபேசியில் கதைப்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது சும்மா சொல் இல்லை. மெழுகு எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒரு சின்ன விஷயம். மேலே வருவது எவ்வளவு அழகாக இருந்தாலும், கீழே இருக்கிறது அதை உள்ளே எடுக்காவிட்டா அது தங்காது. மூடின தளத்தில் எதைப் பூசினாலும் உரியும்.

தொடங்க விரும்புகிறவர்களுக்குக் கடைசிக் குறிப்பு. முதல் பூச்சு நிறமில்லாத மெழுகாக இருக்கட்டும். பூசமுதல் பலகையைக் கை பொறுக்கிற அளவு சூடாக்குங்கள். குளிர்ந்த பலகையில் மெழுகு தொட்டதும் உறைந்துவிடும், உள்ளே இறங்காது. பூசின பிறகு ஹீட் கன்னால், இல்லாவிட்டா இனி உடுப்புக்குப் பாவிக்காத பழைய ஸ்திரிக்கைப்பெட்டியால், மினுமினுப்பு வரும்வரை சூடு காட்டுங்கள். முடிந்த படத்தை வெயில் படுகிற யன்னலோரத்திலோ, பூட்டின காருக்குள்ளோ வைக்க வேண்டாம். கலா பொல மாதிரித் தெருவோரக் கண்காட்சிக்குக் கொண்டுபோனா நிழல் பார்த்து இருங்கள். அந்தக் கண்காட்சி நடக்கிற வீதிக்கு ஆனந்த குமாரசுவாமியின் பேர் வைத்திருக்கிறார்கள் என்பதையும் சும்மா நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் இப்போது 11 பலகை தயாராக இருக்கு. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலால் எழுதியிருக்கிறோம்: என்ன மரம், என்ன பசை, எத்தனை பூச்சு, பூசினது ஆர், ஆரிடம் கேட்டுப் பழகினது. 5 பலகையில் அம்மம்மாவின் பேர் இருக்கு. பின்பக்கத்தை மெழுகால் அடைத்திருப்பதால் அது அழியாது.